பல்லை விட்டுவிட்டு மலைக்குப் போனவர்

காலை ஏழே முக்காலுக்கு வந்த அந்த அழைப்பில் அழுகையே இல்லை. காதக்காவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அவசர உதவி மையத்தில் இருபத்திரண்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, “முகவரி சொல்லுங்க, மூச்சு இருக்கா பாருங்க” என்று கேட்டே ஓய்ந்தவர் அவர். அலறுகிறவர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள், அடக்கிப் பேசுகிறவர்கள் வீட்டில்தான் உண்மையான ஆபத்து இருக்கும் என்பது அந்த உத்தியோகத்தில் அவர் கற்ற பாடம். ஓய்வு பெற்றதும் அதே காதை மூலதனமாக வைத்து, ஒரு சலவைக்கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தார். காதக்கா என்பது ஊர் வைத்த பெயர். அவருடைய ஒரே உதவியாளன் முன்னாள் டாக்ஸிக்காரன். வண்டி நின்றாலும் வாய் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அவனுக்கு மீட்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவனுக்கும் அதில் வருத்தம் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரை விட இது உழைத்துச் சம்பாதித்தது என்பான்.

போனின் ஒலிபெருக்கியில் தாய்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்த பெண் குரல் நிதானமாகப் பேசியது.

“என் வீட்டுக்காரரு அங்க தம்பி வீட்டுக்கு வந்திருக்காரு. ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு. தினம் காலையில ஏழு மணிக்குக் கூப்பிடுவாரு. மூணு நாளா கூப்பிடல. கொழுந்தனைக் கேட்டா, அண்ணன் டூர் போயிருக்காரு, மலையில சிக்னல் இல்லைங்கிறாரு.”

“நீங்க நம்பல.”

“பக்கத்துத் தெருவுக்குப் போனாக்கூடச் சொல்லிட்டுப் போற மனுஷன் அவரு. எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கிற இன்ஸ்பெக்டரா இருந்தவரு. அவருக்குப் பொய்யும் வராது, டூரும் வராது.”

“உடம்பு எப்படி?”

“அறுபது வயசு. பித்தப்பையில கல்லு இருக்கு. அப்பப்ப வலிக்கும். அப்புறம் பென்சிலின் ஆகவே ஆகாது. ஒரு தடவை போட்டு உயிர் போயிட்டு வந்துச்சு. மருந்துப் பேரெல்லாம் அவருக்கு நிக்காது. ‘அந்த ஊசி’ம்பாரு, அவ்வளவுதான். அதனால நானே ஒரு சீட்டுல பெருசா எழுதி அவரு பர்ஸுல வெச்சிருக்கேன்.”

காதக்கா தம்பியின் வீட்டு முகவரியையும் அலுவலக எண்ணையும் வாங்கிக்கொண்டார். மீட்டர் சாவியை எடுத்துவிட்டான்.

“அக்கா, அறுபது வயசுல ஒருத்தர் சொல்லாம மலை ஏறினா, ஒண்ணு அவரு சாமியாராப் போயிருக்கணும். இல்லைன்னா சொல்றவன் புளுகணும்.”

“சாமியாரானாலும் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டுட்டுத்தான் ஆவாரு இந்த ஆளு. வண்டிய எடு.”

தம்பிக்காரரின் வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருந்தது. மணியடித்து நான்காவது நிமிஷம் கதவு ஒரு சாண் திறந்தது. திறந்தவர் தம்பியின் மனைவி. “உங்க வீட்டுக்காரரோட அண்ணி அனுப்பிச்சாங்க” என்று சொல்லிக்கொண்டே காதக்கா அந்த ஒரு சாணுக்குள் காலை வைத்துவிட்டார். அதற்கு மேல் கதவை மூடுவது மரியாதை இல்லை என்று அந்தம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மரியாதை விஷயத்தில் அந்த வீட்டில் குறையே கிடையாது என்பது போகப்போகத் தெரிந்தது.

“அவரோட அண்ணனா? டூர் போயிருக்காரு. பஸ்ல. நீல கலர் பஸ்ஸு. ஜன்னலோர சீட்டு கிடைச்சுது. ரெண்டு ஸ்வெட்டர், ஒரு ஃபிளாஸ்க், கொஞ்சம் பிஸ்கெட் எல்லாம் கொடுத்துதான் அனுப்பிச்சோம்.”

“பஸ் என்ன கலர்னு நான் கேக்கலையே” என்றார் காதக்கா. “உங்க வீட்டுக்காரர் எங்க?”

“ஆபீஸ் போயிருக்காரு. காலையிலேயே. முக்கியமான மீட்டிங். பதினோரு பேர் வர்றாங்களாம்.”

கேட்டதற்குப் பதில் சொல்கிறவன் பாதி உண்மை சொல்வான், கேட்காததற்கும் பதில் சொல்கிறவன் முழுப் பொய் சொல்வான் என்பது காதக்காவின் சித்தாந்தம். அவர் மீட்டரைப் பார்த்தார். மீட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்றான். இந்த நடிப்புக்கு மட்டும் பரிசு கொடுப்பதாக இருந்தால் அவன் வீட்டில் அலமாரி போதாது.

குளியலறைக்குள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முதலில் அலுவலக எண்ணை அழைத்தான். கூரியர் கொண்டு வந்திருப்பதாகவும், கையெழுத்துக்கு அந்த ஐயா வேண்டும் என்றும் சொன்னான். மறுமுனையில் ஒரு பெண் வருத்தத்தோடு பேசினாள். அவர் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். பொது மருத்துவமனை, நான்காவது மாடி. அலுவலகத்திலிருந்து எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டையும் பூங்கொத்தும் போயிருக்கிறதாம். நோயாளி போர்வையால் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததால் யாரோடும் பேசவில்லையாம், பாவமாம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் மீட்டர் கண்ணாடித் தட்டைப் பார்த்தான். அங்கே ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இருந்து மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக ஒரு முழுப் பல் செட் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

டம்ளரைக் கையில் ஏந்தியபடியே கூடத்துக்கு வந்தான்.

“அம்மா, ஸ்வெட்டர் கொடுத்தீங்க, பிஸ்கெட் கொடுத்தீங்க. அதைக் கடிக்கறதுக்கு இதைக் கொடுக்க மறந்துட்டீங்களே.”

அந்தம்மா நீல பஸ்ஸிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

காதக்கா பல்லைப் பார்க்கவில்லை. மீட்டரின் வலது காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் கால் ரூபாய் அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பளத்திலிருந்து வந்தது. அதைப் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“மார்புல ஒட்டி இதயத் துடிப்பு பாக்கிற வட்டு இது. ஆம்புலன்ஸ்காரங்க அவசரத்துல ஒண்ணு ரெண்டைத் தவற விட்டுட்டுப் போவாங்க. சோபாவை ரெண்டையும் சுவரோட தள்ளி வெச்சிருக்கு. டீபாய் மூலையில தலைகீழா கிடக்கு. ஸ்ட்ரெச்சர் உள்ள வர வழி பண்ணியிருக்கீங்க. அது நல்ல காரியம். யாரை எடுத்துட்டுப் போனாங்க?”

பதில் படுக்கையறையிலிருந்து வந்தது. ஒரு தும்மல். அடக்கி, மூக்கைப் பொத்தி, கடைசியில் முடியாமல் வெடித்த தும்மல்.

மீட்டர் டம்ளரை மேஜையில் வைத்தான். “ஆபீஸ்ல கேட்டா ஆஸ்பத்திரிங்கிறாங்க. வீட்டுல கேட்டா ஆபீஸ்ங்கிறாங்க. ஆளு என்னடான்னா கட்டிலுக்கு அடியில இருந்து தும்முறாரு. மூணு இடத்துல ஒரே நேரத்துல இருக்கிற மனுஷனை இப்பத்தான் அக்கா பாக்கப் போறேன்.”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது மூன்றாம் நாளே நாறிவிட்டது. தம்பிக்காரர் பைஜாமாவும் மூன்று நாள் தாடியுமாக வெளியே வந்தார். ஐம்பத்தொரு வயசு, ஒரு நிறுவனத்தில் துணை மேலாளர், ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் போனில் ஆலோசனை சொல்கிற பெரிய மனிதர். கட்டிலடித் தூசி தலையில் அப்பியிருந்தது.

அவர் சொன்ன கதையை அவரே ஒரு நிர்வாக அறிக்கை போலத்தான் சொன்னார். மூன்று நாளுக்கு முன் விடியற்காலையில் அண்ணனுக்கு வயிற்றுவலி. கூடத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். வண்டி வந்துகொண்டிருந்த எட்டு நிமிஷத்தில் தம்பிக்காரருக்கு மூளை வேலை செய்தது. அதுதான் வினை.

“அண்ணன் விசிட்டரு. விசிட்டரை ஆஸ்பத்திரியில சேக்க மாட்டாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லியிருந்தாரு.”

“அவரு டாக்டரா?” என்றார் காதக்கா.

“இல்ல. பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்.”

“விசிட்டருக்குன்னு ஒரு இன்ஷூரன்ஸ் இருக்குமே. எடுத்தீங்களா?”

தம்பிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கம்பளத்தைப் பார்த்தார். எடுத்துவிட்டதாக அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னதோடு அந்த வேலை முடிந்துவிட்டதாக இருவருமே நினைத்துவிட்டார்கள்.

“அதனால ஆபீஸ்ல உங்களுக்குக் கொடுத்த ஹெல்த் கார்டைக் கொடுத்து, உங்க பேர்ல அவரைச் சேத்துட்டீங்க.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு மேடம். மத்ததை ஆக்ஸிஜன் மாஸ்க் மூடிடுச்சு.”

“கூட யாரு போனது?”

இந்த இடத்தில் தம்பியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கார்டுக்குரியவரின் மனைவி என்ற முறையில் அவர்தான் போனார். அண்ணனின் மனைவியாக ஆம்புலன்ஸில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தன் கணவரின் உடம்பை நினைத்துப் பதில் சொல்லி, மனைவி என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். தம்பி பெண்டாட்டியை நிமிர்ந்துகூடப் பார்த்திராத அந்த மனிதர் வலியோடு வலியாக அந்த வெட்கத்தையும் சுமந்துகொண்டு படுத்திருந்திருப்பார். கார்டு பதிவானதும் ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத்துக்குத் தானாகவே தகவல் போகும் என்பது மட்டும் தம்பிக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை. அலுவலகத்தில் பூங்கொத்துக்குப் பணம் திரட்டத் தொடங்கிய பிறகு அவரால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர் எப்படி வேலைக்குப் போவார்?

காதக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். இப்போது நன்றாகத் தாழ்ந்திருந்தது.

“இருபத்திரண்டு வருஷம் நான் அந்த போனை எடுத்தேன். ஒருத்தர்கிட்டகூட நீங்க இங்க குடியிருக்கீங்களா, சும்மா வந்தீங்களான்னு கேட்டதில்ல. இந்த ஊர் ஆஸ்பத்திரிலயும் அவசரப் பிரிவுல மொதல்ல உயிரைத்தான் பாப்பாங்க, காகிதம் அப்புறம். கேக்காத கேள்விக்குப் பொய்ப் பதிலைத் தயார் பண்ணி, அண்ணனை வண்டியில ஏத்தியிருக்கீங்க. அவரு பர்ஸ் எங்க?”

“பத்திரமா இருக்கு. அதுல அவரோட பேர் போட்ட ஏதாவது காகிதம் இருந்து மாட்டிக்கக் கூடாதுன்னு ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே சட்டைப் பையிலேர்ந்து எடுத்துட்டேன்.”

மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். தேய்ந்த பழுப்புத் தோல். காதக்கா பிரித்தார். உள்ளே மனைவியின் சிறிய போட்டோவும், நான்காக மடித்த ஒரு சீட்டும் இருந்தன. சீட்டில் சிவப்பு மையில், பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரி: இவருக்குப் பென்சிலின் போடக் கூடாது, உயிருக்கு ஆபத்து.

“இதைப் படிச்சீங்களா?”

“நான் ஏன் மேடம் அடுத்தவங்க பர்ஸைப் பிரிச்சுப் பாக்கப் போறேன்?” என்றார் தம்பிக்காரர், லேசாக மனம் புண்பட்டு.

அண்ணனின் உயிர்க்காப்பை உருவி இழுப்பறையில் போட்டுப் பூட்டியவருக்கு நாகரிகத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. மீட்டருக்குக் கை அரித்தது. காதக்கா இருந்ததால் அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அப்போதுதான் தம்பியின் மனைவி முந்தானைக்குள்ளிருந்து அந்தச் செய்தியைச் சொன்னார். “காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசினாங்க. பித்தப்பை சீழ் பிடிச்சிருச்சாம். பதினோரு மணிக்கு ஆபரேஷனாம்.”

மணி பத்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. ஆபரேஷன் என்றால் முன்னதாகவே ஒரு ஊசி உண்டு, அது எந்த ஊசியாகவும் இருக்கலாம்.

“இப்பவே வார்டுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. நீங்கதானே மனைவின்னு கையெழுத்துப் போட்டது. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க.”

அந்தம்மா கணவரைப் பார்த்தார். கணவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டியது மிகச் சிறிய ஆட்டம்தான். சம்பளத்தையும் பதவியையும் யோசித்து, அண்ணன் உயிரைக் கழித்து, மிச்சம் பார்த்த ஆட்டம். அந்தம்மா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். தான் எதிலும் இல்லை என்றும், சொன்னதைத்தான் செய்ததாகவும் அழுதார்.

காதக்கா தம்பிக்காரரின் கையைப் பிடித்துச் செருப்பை மாட்டவைத்து, காருக்குள் தள்ளினார். மீட்டர் பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

மீட்டர் அன்று ஓட்டிய மாதிரி டாக்ஸி ஓட்டிய காலத்தில் ஓட்டியிருந்தால் லைசென்ஸ் அப்போதே போயிருக்கும். வழியெல்லாம் காதக்கா ஆஸ்பத்திரி எண்ணை அழைத்துக்கொண்டே வந்தார். பதிவான உறவினர் அல்லாதவரிடம் நோயாளி பற்றிப் பேச முடியாது என்று ஒரு குரல் திரும்பத் திரும்பப் பணிவோடு சொன்னது. செய்தியைச் சொல்லிவிடுவதாகவும், ஆனால் பதிவேட்டில் அந்த நோயாளிக்கு எந்த மருந்தும் ஒவ்வாமை இல்லை என்று இருப்பதாகவும் சொன்னது.

பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. தம்பிக்காரர் இறங்கவில்லை.

“நான் உள்ள வந்தா ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்போம் மேடம். அது சட்டப்படி சிக்கல். நீங்க போய்ச் சொல்லுங்க, நான் இங்க இருந்து கோஆர்டினேட் பண்றேன்.”

“அக்கா, இவரைத் தூக்கிட்டு வரட்டுமா?”

“நேரமில்ல. வா.”

நான்காவது மாடியில் வரிசையாகப் பன்னிரண்டு கட்டில்கள். ஏழாவது கட்டிலின் தலைமாட்டில் பூங்கொத்து வாடியிருந்தது. கட்டிலில் ஒடுங்கிய கன்னத்தோடு ஒரு மனிதர், பக்கத்தில் ஊசித் தட்டோடு வார்டு சிஸ்டர். தட்டில் ஊசி நிரப்பி வைத்திருந்தது. காதக்கா மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் சிஸ்டர் தட்டை எடுத்து எட்டாத இடத்தில் வைத்தார். நம் மொழி பேசுகிறவர். சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. ஃபைல்ல ஐம்பத்தொண்ணு வயசுன்னு இருக்கு. இவரைப் பாத்தா அந்த வயசைத் தாண்டி எவ்வளவோ நாள் ஆன மாதிரி இருக்கு. சொந்தப் பல்லுன்னு இருக்கு, வாயில ஒண்ணுகூட இல்ல. மூணு தடவை பேரு கேட்டேன். மூணு தடவையும் கார்டுல இருக்கிற பேரையே சொன்னாரு.”

“பல்லு கைவசம் இருக்கு சிஸ்டர்” என்றான் மீட்டர்.

“பல்லு யாருக்கு வேணா இருக்கும். இதுவும் பென்சிலின் வகைதான், நான் நிறுத்திட்டேன், அது என் கையில இருக்கு. ஆனா ஃபைல் வேற ஆளோடதுன்னா இதுல ஒரு வரியை நம்பி இவரு வயித்துல கத்தி வைக்க முடியாது. சுகர் இருக்கா, என்ன மாத்திரை முழுங்குறாரு, முன்னாடி என்ன ஆச்சு, எல்லாம் இவரு வாயால வரணும். நினைவு இருக்கு, பேசறாரு. ஃபைல்ல இருக்கிற ஆளு இவரு இல்லைன்னு நீங்க சொல்றீங்க, நான்தான்னு இவரு சொல்றாரு. டாக்டர் தள்ளிதான் வைப்பாரு. அந்தப் பித்தப்பை அதுவரைக்கும் தாங்காது.”

காதக்கா கட்டில் அருகே குனிந்தார். “ஐயா, உங்க தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீங்க யாருன்னு சிஸ்டர்கிட்டச் சொல்லுங்க.”

பெரியவர் கூரையைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. “எனக்குத் தம்பி இல்லம்மா. அண்ணன் ஒருத்தர் இருக்காரு. டூர் போயிருக்காரு.”

மீட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுசு முழுக்க ஒரு எடைக்கல்லில்கூட ஒரு குன்றிமணி கூடுதலாகப் போக விடாத மனிதர், அறுபது வயசில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டு, அதையும் இன்ஸ்பெக்டர் வேலையைச் செய்த மாதிரியே நேர்மையாகச் செய்துகொண்டிருந்தார். தம்பி கீழே காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடலாமா என்று மீட்டருக்கு வாய் வரை வந்தது. சொன்னாலும் இவர் அவனுக்குக் குளிருமே என்றுதான் கவலைப்படுவார்.

மணி பத்தேமுக்கால். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள் வந்து நின்றுவிட்டான். காதக்கா தன் போனை எடுத்து, காலையில் பேசிய எண்ணை அழைத்தார். நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். ஒலிபெருக்கியைப் போட்டுக் கட்டிலருகே பிடித்தார்.

“என்னங்க” என்றது குரல். “நான்தான்.”

பெரியவரின் கண் சட்டென்று போன் பக்கம் திரும்பியது. பிறகு சிஸ்டரைப் பார்த்தது.

“யாரும்மா நீங்க?” என்றார்.

இனி அழுவார் என்று மீட்டர் எதிர்பார்த்தான். போனில் இருந்த அந்தம்மா அழவில்லை.

“சரி. நான் யாரோவாவே இருந்துட்டுப் போறேன். யாரோவாவே ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. நீங்க இப்ப அங்க செத்துப் போனா, செத்தது உங்க தம்பி. காகிதத்துல அப்படித்தானே? அப்ப விதவை அவ. உங்க பக்கத்துல உக்காந்து அழற பாத்தியதை அவளுக்கு. நான் யாரு? டூர் போனவரோட பொண்டாட்டி. மலையில சிக்னல் இல்லைன்னு சொல்வாங்க. நான் தினம் காலையில ஏழு மணிக்கு போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். எத்தனை வருஷம் உக்காரணும்னு மட்டும் சொல்லுங்க, உக்காந்துக்கறேன்.”

பெரியவர் இரண்டு முறை பேச வாயெடுத்து நிறுத்தினார்.

“அவன் வேலை போயிடும்டி” என்றார் மூன்றாம் முறை.

சிஸ்டர் அவ்வளவுக்குத்தான் காத்திருந்தார். கத்திரியை எடுத்து அவர் மணிக்கட்டில் இருந்த பட்டையை நறுக்கினார். புதுப் பட்டையை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“பேரு?”

பெரியவர் தன் பெயரைச் சொன்னார். மூன்று நாளுக்குப் பிறகு சொல்வதால் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

“அப்பா பேரு?”

“அது இருக்கிறது சரிதாம்மா. அதை மாத்த வேண்டாம்.”

“இங்க குடியிருக்கீங்களா, விசிட்டரா?”

“விசிட்டர்” என்றவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், அடி விழப்போகிறது என்பது போல.

சிஸ்டர் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். அடுத்த கேள்விக்குப் போனார். இதற்காகத்தானா மூன்று நாள் என்று மீட்டருக்கு வயிறு எரிந்தது. இரண்டு கட்டம், பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில். அதில் டிக் அடிப்பதற்குப் பதில் இதில். இவ்வளவுதான் விஷயம்.

“கூட இருக்கிற சொந்தம் யாரு?”

பெரியவர் போனைக் காட்டினார். “என் வீட்டுக்காரி. இதுல இருக்கா.”

சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, அதன் பெயர், அளவு, பழைய ஆபரேஷன் ஏதும் இல்லை. அவருக்குத் தெரியாததையெல்லாம் போன் சொன்னது. ஊசி மாறியது. டாக்டர் வந்து கேட்டார், முறைத்தார், சரி என்றார். தள்ளிக்கொண்டு போகும்போது பெரியவர் மீட்டரின் சட்டையைப் பிடித்தார்.

“தம்பி பயந்துக்கிட்டிருப்பான். அவன்மேல தப்பில்ல, என்னைக் காப்பாத்தத்தான் பண்ணினான்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க.”

மீட்டர் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தான்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம் நடந்தது. டாக்டர் வெளியே வந்து, பித்தப்பை வெடிக்கிற நிலையில் இருந்தது, எடுத்தாகிவிட்டது, ஆள் பிழைத்துவிட்டார் என்று சொன்னார். காதக்கா போனில் அதைச் சொன்னபோதுதான் மறுமுனையில் அந்தம்மா முதன்முதலாக அழுதார். காதக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த அழுகை பிடித்திருந்தது.

மீட்டர் கீழே போனான். தம்பிக்காரர் பின் சீட்டில் அதே இடத்தில் இருந்தார். கண்ணாடியை ஏற்றி, பைஜாமாச் சட்டையின் காலரைத் தூக்கி, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடாதபடி சரிந்து உட்கார்ந்திருந்தார். மீட்டரைக் கண்டதும் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

“ரெக்கார்டுலேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்களா?”

மீட்டர் நின்றான். அடுத்த கேள்வி வரும் என்று நினைத்தான். அது வருவதற்குத் தாராளமாகவே நேரம் கொடுத்தான். வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும்வரை கொடுத்தான். வரவில்லை.

காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

“எடுத்துட்டாங்க சார். நீங்க டிஸ்சார்ஜ். எறங்குங்க.”